மூன்றாவது வண்டி

பூமாலையின் முகத்தைப் பெரிதாக்க அறிவரசனுக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கத் தேவைப்பட்டது. அவள் கணவர் பழனிவேல் கொண்டுவந்திருந்தது ஆதார் அட்டை மட்டும்தான். "செல்லுல இருக்கறதெல்லாம் பேரப்புள்ளைங்க படம் தம்பி. இவ ஓரமா நிப்பா, பாதி மூஞ்சிதான் தெரியும்" என்றார். தபால்தலை அளவு இருந்த முகத்தை ஆறடி பேனருக்கு இழுத்தபோது கண் இரண்டும் கரைந்து போயின. அறிவரசன் புள்ளி புள்ளியாகத் தொட்டு இமைகளை வரைந்தான். பழனிவேல் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"புருவம் இன்னும் கொஞ்சம் கம்மி" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளைச் சுண்ணாம்புக்கல் ஏற்றிவந்த டிப்பர் லாரி அடித்துவிட்டது. காலை எட்டே முக்கால் மணி. பள்ளிக்கூட நேரத்தில் அந்தச் சாலையில் லாரிகள் ஓடக் கூடாது என்று மாவட்டத்தில் உத்தரவு இருந்தது. எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை மைன்ஸ் வண்டி எதுவும் வரக் கூடாது. ஆனால் வந்தன. அந்த ஒரு சாலைக்காக அறிவரசன் அந்த வருடத்தில் அடித்த மூன்றாவது கண்ணீர் அஞ்சலி பேனர் அது.

அவனுடைய பிளெக்ஸ் கடை அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சி போகும் வழியில் இருந்தது. கடையிலிருந்து நடந்தே போகிற தூரத்தில், அதே சாலையை ஒட்டி, அவன் மனைவி லாவண்யா வேலை பார்க்கும் நடுநிலைப்பள்ளி. தினமும் ஸ்கூட்டியில் போவாள். பூமாலை செத்த அன்று அவள் பத்து நிமிடம் முன்னால் அதே இடத்தைக் கடந்திருந்தாள். அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்றிலிருந்து காலையில் அவள் கிளம்பியதும் அறிவரசனுக்கு எந்த வேலையும் ஓடாது. பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று மெசேஜ் வரும்வரை கடை வாசலில் நின்று வலது காலை ஆட்டிக்கொண்டிருப்பான்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் கடைக்கு யாரும் வர மாட்டார்கள். அந்த நேரத்தில் அவனும் விக்கியும் கம்ப்யூட்டர் விளையாட்டில் நீர்மூழ்கி ஓட்டினார்கள். விக்கி பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவன். பெரம்பலூரில் செல்போன் கடை வைத்திருந்தான்; அங்கிருந்தே நெட்டில் சேர்ந்துகொள்வான். இரண்டாம் உலகப்போர், அட்லாண்டிக் கடல், ஜெர்மன் நீர்மூழ்கி. அறிவரசன் தன் முப்பத்து நாலு வருடத்தில் நிஜக் கடலை மூன்று தடவைதான் பார்த்திருந்தான், மூன்றும் வேளாங்கண்ணியில். ஆனால் பேனர் டிசைனுக்காக வாங்கிய கம்ப்யூட்டரில் மூன்று வருடமாக வட அட்லாண்டிக்கின் அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேகமாகச் சுடுகிற விளையாட்டு இல்லை அது. எல்லாவற்றையும் நிஜம்போலவே வைத்திருந்தார்கள். எதிரிக் கப்பல் எங்கே இருக்கிறது என்று திரை காட்டாது. பெரிஸ்கோப்பில் பார்த்து, ஸ்டாப்வாட்ச் பிடித்து, பேப்பரில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அந்தக் கப்பல் எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். நீர்மூழ்கிக்குத் தண்ணீருக்கடியில் வேகம் கிடையாது. கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்களைத் துரத்தினால் எட்டவே எட்டாது. தூரத்தில் நின்று பல நாள் கவனித்து, அவை வரப்போகும் வழியில் முன்கூட்டியே போய், மூச்சுக் காட்டாமல் கிடக்க வேண்டும். முன்னால் வரும் காவல் கப்பலைத் தலைக்கு மேலே போக விட வேண்டும். அதற்குப் பிறகுதான் கூட்டத்துக்குள் நுழைய வேண்டும். கூட்டம் கெட்டியாக இருந்தால் பின்தங்கி வரும் ஒற்றைக் கப்பலை அடிக்க வேண்டும். அதைக் காப்பாற்ற யாரும் திரும்பி வர மாட்டார்கள்.

பூமாலையின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அறிவரசன் பெரிஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தபோது சட்டென்று கையை எடுத்துவிட்டான்.

"டேய், காவல் கப்பல் தலைமேல வருதுடா. பெரிஸ்கோப்பை இறக்கு" என்று ஹெட்போனில் விக்கி கத்தினான்.

"விக்கி, அந்த லாரிங்களுக்கு முன்னாடி ஒரு பைக் போவுதுடா."

"எந்த லாரி?"

"மைன்ஸ் லாரி. நாலு நிமிசம் முன்னாடி ஒருத்தன் போறான். தெனமும் அதே ஆளு."

மூன்று முறை ஊர்க்காரர்கள் புகார் செய்திருந்தார்கள். மூன்று முறையும் அதிகாரிகளின் ஜீப் வந்தது. ஜீப் நின்ற நாளில் ஒரு லாரியும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இப்போதுதான் அவனுக்கு விளங்கியது. பைக்காரன் முன்னால் போய் ஜீப்பைப் பார்த்துவிட்டு போன் செய்கிறான். லாரிகள் முந்திரிக்காட்டுப் பாதையில் ஒதுங்கி நின்றுவிடுகின்றன.

மறுநாளிலிருந்து அறிவரசன் நோட்டுப் போட்டு எழுதத் தொடங்கினான். லாரிகள் வரும் பக்கம், பள்ளி வருவதற்கு முன்னால் ஒரு சின்னப் பாலம், அதற்கப்புறம் ஒரு புளியமரம். இரண்டுக்கும் நடுவே நானூறு மீட்டர்; தானே டேப் பிடித்து அளந்தான். முதல் லாரி இருபத்து நாலு விநாடியில் கடந்தது. மணிக்கு அறுபது கிலோமீட்டர். இரண்டாவதும் அப்படியே, ஒட்டிக்கொண்டு. மூன்றாவது மட்டும் பின்தங்கி மெதுவாக வந்தது. முதல் வாரத்தில் இருபத்தைந்து விநாடி இடைவெளி. அது நாளுக்கு நாள் கூடியது. பத்தொன்பதாம் நாள் நாற்பது விநாடி.

பக்கத்தில் 'மூணாவது எப்பவும் லேட்' என்று எழுதி அடிக்கோடு போட்டான்.

அந்த நாட்களில் அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு காதுகுத்து பேனரில் தாய்மாமன் பெயரை விட்டுவிட்டான். சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் விரலால் கோடு போட்டான்.

"என்னங்க, கண்ணு எங்கயோ இருக்கு" என்றாள் லாவண்யா.

"கணக்குப் பார்க்கறேன்."

"எனக்கு என்னமோ பயமா இருக்கு. விளையாட்டு மாதிரி பண்றீங்க."

"விளையாட்டுல கத்துக்கிட்டதுதான். வேற யாரு இதைப் பண்றா, சொல்லு?"

அவளும் காலையில் பிள்ளைகளைக் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைக்கிறவள்தான்.

குறைதீர் முகாமுக்கு பேனர் அடிக்க வருவாய் ஆய்வாளர் வளர்மதி கடைக்கு வந்தபோது, அவன் டிசைனைக் காட்டுவதற்கு முன்னால் நோட்டைக் காட்டினான். அவர் நின்றுகொண்டே நாலு பக்கம் படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"நான் ஜீப்புல ஏறும்போதே அவங்களுக்குச் சேதி போயிடுது" என்றார்.

"ஜீப்புல வராதீங்க மேடம். டவுன் பஸ்ல வாங்க. ஏழரைக்கே வந்து ஸ்கூல் சமையல்கூடத்துல உக்காந்துடுங்க. பைக் போவட்டும். முதல் ரெண்டு வண்டியும் போவட்டும்."

"எதுக்கு விடணும்?"

"முதல் வண்டியை மறிச்சா அவன் பின்னாடி போன் பண்ணிடுவான். கூட்டமா இருந்தா வம்பு பண்ணுவாங்க. மூணாவது தனியா வரும். நாப்பது செகண்ட் இருக்கு. அதுக்குள்ள டிராக்டரைக் குறுக்க நிறுத்திடலாம். புளியமரத்துலேர்ந்து பார்த்தாலே டிராக்டர் தெரியும். எரநூறு மீட்டர். தாராளமா பிரேக் போடலாம். உங்களுக்கு ஒரு வண்டி லோடோட சிக்கினாப் போதும்தானே?"

"ஒண்ணு போதும்" என்றார் வளர்மதி. "ஒண்ணை வெச்சு மத்ததை எல்லாம் இழுத்துடலாம்."

டிராக்டர் பழனிவேலுடையது. கேட்டதும் சரி என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை. வளர்மதி ஒரு சாதாரண நூல் சேலையில், சாப்பாட்டுக் கூடையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அவரோடு வந்த காவலர் வேட்டி கட்டியிருந்தார். லாவண்யா பிள்ளைகளை உள்ளே விட்டு கேட்டைச் சாத்தினாள். பழனிவேல் பள்ளிக்குப் பக்கத்துச் சந்தில் டிராக்டரை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார். விக்கி பெரம்பலூரிலிருந்து வந்து சின்னப் பாலத்தில், தூண்டில் போடுகிறவன் மாதிரி கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். அறிவரசன் பள்ளி வாசலில் நின்றான்; போனில் இருவரும் இணைப்பிலேயே இருந்தார்கள்.

எட்டு முப்பத்தெட்டுக்கு பைக் போனது. பைக்காரன் பள்ளியைத் திரும்பிப் பார்த்தான், கொட்டாவி விட்டான், போய்விட்டான்.

"ஒண்ணு, ரெண்டு" என்றான் விக்கி. இரண்டு லாரியும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பள்ளியைத் தாண்டின. அறிவரசன் கையைத் தூக்கினான். டிராக்டர் உறுமிக்கொண்டு சந்திலிருந்து வெளியே வந்து, டிரெய்லரோடு ரோட்டை அடைத்து நின்றது.

"மூணு பாலத்துல" என்றான் விக்கி.

அறிவரசன் ஸ்டாப்வாட்சை அழுத்தினான். லாரி புளியமரத்துக்கு வந்தபோது மறுபடி அழுத்தினான். முப்பத்திரண்டு விநாடி. நாற்பத்தைந்து கிலோமீட்டர். எல்லாம் கணக்குப்படி. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். ஹாரன் நிற்கவே இல்லை. லாரியும் நிற்கவில்லை.

பழனிவேல் சீட்டிலிருந்து குதித்தார். டிராக்டருக்கு இருபதடி முன்னால் லாரி இடதுபக்கம் திரும்பி, ரோட்டோர ஓடைக்குள் இறங்கி, எதிர்க்கரையில் முகம் மோதிச் சாய்ந்தது. கற்கள் சரிந்து கொட்டின. இரும்பு மடங்குகிற சத்தம் நீளமாக, முனகல் மாதிரி வந்தது. அந்தச் சத்தம் அறிவரசனுக்குத் தெரியும். டார்பிடோ பட்ட கப்பல் தண்ணீருக்கடியில் உடையும்போது ஹெட்போனில் கேட்கும் சத்தம். அதைக் கேட்டால் அவனும் விக்கியும் எப்போதும் கத்திக்கொண்டு எழுந்துவிடுவார்கள். இப்போதும் அவனுக்குள் ஏதோ ஒன்று அதே மாதிரி துள்ளி எழுந்தது. ஒரு விநாடிதான். பிறகுதான் உள்ளே ஓர் ஆள் கத்துவது காதில் விழுந்தது.

ஊர்க்காரர்கள் ஓடிவந்தார்கள். "இறக்குடா அவனை" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் கல்லைப் பொறுக்கினான். அவர்களுக்கு முன்னால் ஓடையில் குதித்தவர் பழனிவேல். டிராக்டரிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு, நொறுங்கிய கதவைப் பிளந்து உள்ளே பாதி உடம்பை நுழைத்தார். "அடிக்கறவன் அப்புறம் அடிங்கடா. கால் மாட்டிக்கிச்சு, வந்து புடிங்க" என்றார். கல்லை வைத்திருந்தவன் அதைப் போட்டுவிட்டுப் போய்ப் பிடித்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை பழனிவேல் ஓட்டுநரின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அறிவரசன் கரையிலேயே நின்றான். கையில் ஸ்டாப்வாட்ச் முப்பத்திரண்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் பெயர் சாமிதுரை. பாடாலூர்க்காரர். ஊருக்குப் பக்கம் என்று பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டதாக விக்கி விசாரித்துச் சொன்னான். அறிவரசன் ஐந்து நாள் போகவில்லை. ஐந்து நாளும் போகக் கிளம்பினான். ஆறாம் நாள் இளநீர் வாங்கிக்கொண்டு போனான். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பெண், சாமிதுரையின் மனைவி இருசம்மாள், "கம்பெனியிலேர்ந்தா வரீங்க?" என்று அவசரமாக எழுந்தாள். சாமிதுரை மயக்க மருந்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அறிவரசன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இளநீரை வைத்துவிட்டு வந்துவிட்டான். பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் அரியலூர் வரை நின்றுகொண்டே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனான். சாமிதுரை விழித்திருந்தார். வலது காலில் முட்டிக்கு மேலே வரை கம்பி போட்டிருந்தார்கள்.

"அண்ணே, நான் கல்லங்குறிச்சி ரோட்டுல பிளெக்ஸ் கடை வெச்சிருக்கேன். டிராக்டரைக் குறுக்க நிறுத்தச் சொன்னது நான்தான்."

சாமிதுரை அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் வர நேரம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எழுதி வெச்சேன். பத்தொம்போது நாளு."

"பத்தொம்போது நாளு எங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தியா? எங்க கண்ணுல நீ படவே இல்லையே." அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "அவ்வளவு பார்த்தியே தம்பி. என் வண்டி மட்டும் ஏன் பின்னாடி வருதுன்னு பார்க்கலியா?"

"லோடு அதிகம்னு நெனச்சேன்."

"பிரேக் புடிக்கல. ரெண்டு வாரமா சொல்றேன். இந்த ட்ரிப் ஓட்டு, அடுத்த ட்ரிப் ஓட்டுங்கறாங்க. முன்னாடி போறவனை இடிச்சுடக் கூடாதுன்னுதான் இடம் விட்டு, இடம் விட்டு வந்தேன். அன்னிக்குக் காலைல மிதிச்சா சுத்தமா ஒண்ணுமே இல்ல."

அறிவரசனுக்கு உட்கார இடமில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அந்தம்மாவை அடிச்சது என் வண்டி இல்ல" என்றார் சாமிதுரை, குரலைத் தாழ்த்தி. "முதல் வண்டி. ஆனா நானும் பின்னால வந்தேன். பார்த்தேன். நிறுத்தல."

இருசம்மாள் திரும்பினாள். "நீங்க பிளெக்ஸ் கடைதானே வெச்சிருக்கீங்க? இவரு செத்திருந்தா இவரு படத்தையும் நீங்களேதானே அடிச்சிருப்பீங்க?"

"எந்திரிச்சுப் போங்க" என்றாள், அவன் நின்றுகொண்டிருப்பதைக்கூடப் பார்க்காமல்.

அடுத்த வாரம் காவல் நிலையத்தில் கூப்பிட்டார்கள். வாக்குமூலம் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருந்தது. லாரி 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' வந்ததாக இருந்தது. பிரேக் நல்ல நிலையில்தான் இருந்தது, தப்பு ஓட்டுநருடையது என்று லாரி உரிமையாளர் எழுதிக் கொடுத்திருந்தார். அறிவரசன் கீழே கையெழுத்துப் போட்டால் போதும். ஜெயிலுக்குப் போவது சாமிதுரையாக இருக்கும்.

"அதிவேகம் இல்ல சார்" என்றான்.

"என்னய்யா?"

"நாப்பத்தஞ்சு கிலோமீட்டர்தான். நான் அளந்தேன். முன்னாடி போன ரெண்டும்தான் அறுபது. நாப்பத்தஞ்சுல வர வண்டி எரநூறு மீட்டர்ல நிக்கலன்னா பிரேக் இல்லன்னு அர்த்தம். தெனமும் அது பின்தங்கினது நோட்டுல இருக்கு."

"நோட்டைக் குடுத்தா டிராக்டரை யாரு நிறுத்தச் சொன்னதுன்னும் வரும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். அதையும் நானே எழுதித் தரேன்."

வீட்டுக்கு வந்து லாவண்யாவிடம் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "உங்க மேல கேஸ் வருமா?"

"வரலாம்."

"பழனிவேல் அண்ணன் மேலயும்?"

"அவருகிட்ட கேட்டேன். என் பேரையும் போடுன்னுட்டாரு."

அவள் எழுந்து உள்ளே போனாள். பிறகு, "கையெழுத்துப் புரியற மாதிரி எழுதுங்க. உங்க நோட்டு எனக்கே புரியல" என்று ஸ்கூல் பேப்பரும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். பத்தொன்பது நாள் கணக்கையும் அவன் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள்.

அவன் பயந்த மாதிரியே எல்லாம் நடக்கவில்லை, நினைத்த மாதிரியும் நடக்கவில்லை. லாரியைப் பரிசோதித்த மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக் அறவே தேய்ந்திருந்ததாக எழுதினார். உரிமையாளர் பெயர் வழக்கில் சேர்ந்தது. சாமிதுரை மீதிருந்த வழக்கு லேசானது, போகவில்லை. அவருடைய முட்டி இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாலையை மறித்ததற்காக அறிவரசனும் பழனிவேலும் மூன்று முறை கோர்ட்டுக்குப் போய் வந்தார்கள். தனியாரை வைத்து நடவடிக்கை எடுத்ததற்கு வளர்மதியிடம் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. பள்ளி நேரத்தில் அந்தச் சாலையில் லாரி வருவது நின்றது.

இரண்டு மாதம் கழித்து விக்கி ஒருநாள் வற்புறுத்தி விளையாடக் கூப்பிட்டான். அறிவரசன் பெரிஸ்கோப்பை உயர்த்தினான். கூட்டத்துக்கு ரொம்பப் பின்னால் ஒரு சின்னக் கப்பல் தனியாக வந்துகொண்டிருந்தது.

"சூப்பர்டா, தனியா மாட்டுது" என்றான் விக்கி.

"ஏன்டா பின்தங்குது?"

"என்னது?"

"என்ஜின் கோளாறா? என்னாச்சு அதுக்கு?"

"டேய், கம்ப்யூட்டர் கப்பல்டா. அதுக்கெல்லாம் காரணம் இருக்காது."

அறிவரசன் பார்த்துக்கொண்டே இருந்தான். கப்பல் திரையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு கஸ்டமர் வந்தார்.

லாரிகள் வழி மாறியிருந்தன. இப்போது வேறொரு ஊர் வழியாக, அங்கேயும் ஒரு பள்ளியைக் கடந்து போகின்றன என்று கார்த்திகை மாதத்தில் தெரியவந்தது. அந்த ஊர் வார்டு உறுப்பினர் போன் செய்தார். "கணக்குப் போட்டு லாரியைப் புடிச்சவரு நீங்கதானாமே. ஒருநாள் வாட்சை எடுத்துக்கிட்டு எங்க ஊருக்கு வந்துட்டுப் போங்க சார்."

"வரேன்" என்றான் அறிவரசன். "அதுக்கு முன்னாடி ஒரு எடத்துக்குப் போவணும்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவன் பெரம்பலூர் சாலையில் மைன்ஸ் லாரிகள் நிற்கும் டீக்கடைக்குப் போனான். ஏழெட்டு ஓட்டுநர்கள் பெஞ்சிலும் டயரிலும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஒரு டீ சொன்னான். கையில் கிளாஸ் வந்ததும், தன் பெயரையும் கடையையும் சொன்னான்.

"சாமிதுரை அண்ணன் காலை ஒடைச்சது நீதானா?" என்றார் ஒருவர்.

"நான்தான்."

"இங்க எதுக்கு வந்த?"

"உங்ககிட்ட பேசணும். உங்க வண்டியைப் பத்தி. எட்டு மணிக்கு யாரு உங்களை ஓட்டச் சொல்றான்னு."

இரண்டு பேர் எழுந்து வண்டியைப் பார்க்கப் போனார்கள். ஒருவர் அவன் காலடிக்குப் பக்கத்தில் டீயின் அடிவண்டலைக் கொட்டினார். அவன் கால் தானாக ஆடத் தொடங்கியது, போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை. கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றான். டீ ஆறி ஆடை படிந்தது.

வயதான ஓர் ஓட்டுநர் தன் லாரியில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வழியாக அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"லோடு இறக்கிட்டு வர ஒம்போது ஆவும். அதுவரைக்கும் இருப்பியா?"

"இருப்பேண்ணே" என்றான் அறிவரசன்.

லாரி நகர்ந்தது. அவன் காலியாகிவிட்ட பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான்.